கதவை மூடிட்டு வாங்க!

ஃபிளாப்பியை மறுபடியும் டிரைவில் போட்டு, கதவை மூடச் சொன்னார் டெல் கம்பெனியின் ஹெல்ப்லைன் ஊழியர். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தார் வாடிக்கையாளர். எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அடுத்து, அறைக்கதவைச் சாத்துகிற சத்தம்!

அமெரிக்காவின் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1994 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரையில் வந்த சம்பவம் இது. கம்ப்யூட்டர் வீடுகளுக்குள் வேகமாக நுழைந்துகொண்டிருந்த காலம். சந்தேகம் தீர்க்க போன் அருகே உட்கார்ந்தவர்கள் பட்ட பாட்டை அந்தக் கட்டுரை வரிசையாகச் சொன்னது.

பழுதான ஃபிளாப்பிகளின் காப்பியை அனுப்பும்படி ஒரு பெண்மணியிடம் கேட்டது ஏ.எஸ்.டி. கம்ப்யூட்டர் நிறுவனம். சில நாளில் தபால் வந்தது. உள்ளே, ஃபிளாப்பிகளை ஜெராக்ஸ் எடுத்த தாள்கள்! காம்பேக் கம்ப்யூட்டர் கம்பெனியை அழைத்த ஒருவருக்கோ பழைய ஃபிளாப்பியில் இருந்த ஃபைல்கள் திறக்கவே இல்லை. பக்கத்தில் காந்தம் இருந்ததா, சூடு பட்டதா என்றெல்லாம் விசாரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபிளாப்பியில் லேபிளை ஒட்டி, அப்படியே டைப்ரைட்டர் உருளையில் சுருட்டிவிட்டுப் பெயர் அடித்திருக்கிறார். லேபிள் என்னவோ அழகாகத்தான் வந்திருக்கும்.

சிரித்தாயிற்று. இனி அந்தக் கதவைக் கொஞ்சம் பார்ப்போம். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவின் முகப்பில் சின்னதாக ஒரு பிடி இருக்கும். ஃபிளாப்பியைச் செருகி, அந்தப் பிடியைத் திருப்பினால்தான் டிரைவ் படிக்கும். டெக்னீஷியன்கள் கதவு என்றது இந்த ஏற்பாட்டைத்தான். நாள் முழுக்க டிரைவோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது கதவு. நேற்றுப் பெட்டியைப் பிரித்தவருக்கு அறையில் இருப்பது மட்டும்தான் கதவு. 'முகப்பில் உள்ள பிடியைத் திருப்புங்கள்' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது.

காம்பேக்குக்கு இது புரிந்திருக்கிறது. 'பிரஸ் எனி கீ', அதாவது 'ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று திரையில் வந்ததும், அந்த 'எனி' கீ எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போன் மேல் போன். அதனால், 'ரிட்டர்ன் கீயை அழுத்தவும்' என்று வாசகத்தையே மாற்றலாமா என யோசித்தது கம்பெனி.

யோசித்ததில் நியாயம் உண்டு. அந்தப் பழைய வாசகம் வரும்போது ஷிஃப்ட் கீயை மட்டும் அழுத்திப் பாருங்கள், கம்ப்யூட்டர் அசையாது. கன்ட்ரோல் கீக்கும் அதே கதிதான். ஆக, எந்தக் கீ என்று கேட்டவர்கள் கேட்டதில் தப்பே இல்லை!