சுழன்று உதைத்தால் கீழ்முதுகு ஏன் பிடிக்கிறது?

கராத்தேயில் 'மவாஷி கெரி' என்னும் சுழல் உதையை வீசியதும் பழைய முதுகுவலி திரும்பிவிடுகிறதா? உதைக்கும் காலை விட்டுவிட்டு, ஊன்றிய காலைப் பாருங்கள்.

கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளும் குனிந்து நிமிர ஏற்றவை, திரும்ப அல்ல. அவற்றின் பின்புறச் சிறு மூட்டுகள் முன்பின்னாக அமைந்து திருப்பத்தைத் தடுப்பதால், ஒவ்வோர் எலும்பும் ஒரு பக்கத்துக்கு ஓரிரு டிகிரிதான் சுழலும். இடுப்பு மூட்டோ பந்துக்கிண்ண அமைப்பு, தாராளமாகச் சுழலும். ஆனால் ஊன்றிய பாதம் திரும்பாமல் நின்றுவிட்டால் அதுவும் சீக்கிரமே தன் எல்லையைத் தொட்டுவிடும். மிச்சத் திருப்பம் முழுவதும் முதுகின் தலையில் விழுகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே ஏற்கெனவே நைந்துபோன வட்டு (டிஸ்க்) அதை எப்படித் தாங்கும்? குதிகால் இலக்கைப் பார்க்கும்வரை பாதத்தைத் திருப்புங்கள். உதை தொடையளவு உயர்ந்தால் போதும்.

அதிகாலைப் பயிற்சியில் இன்னொரு சிக்கல். இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அந்த நிலையில் ஆழக் குனிந்தால் அழுத்தம் மிகுதி. எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியும் நீட்டல்களைத் தவிர்த்து நடக்கலாம். நாட்பட்ட வலி உள்ளவர்களுக்கு மாலை வகுப்பே மேல் என்பேன்.

வலிக்குப் பயந்து முழு ஓய்வில் கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் தளரும். அளவோடு தொடருங்கள். ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.