கடற்பஞ்சின் மருந்தைச் செய்வது யார்?

கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஓடவோ கடிக்கவோ வழியில்லாமல் வாழ்கிற பிராணி கடற்பஞ்சு. வயிறு கிடையாது, நரம்பும் கிடையாது. உடலெங்குமுள்ள துளைகள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவை வடிகட்டிக்கொள்ளும். மேய வரும் எதிரியைச் சமாளிக்கப் பல கடற்பஞ்சுகள் நம்பியிருப்பது நஞ்சைத்தான். அந்த நஞ்சுகளில்தான் மருத்துவ உலகுக்குத் தீராத ஆர்வம்.

ஆர்வம் இருந்தென்ன, சரக்கு கிடைக்க வேண்டுமே! 1986இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளுக்காக 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்தெடுத்தார்கள். கிடைத்தது 12.5 மில்லிகிராம். அதன் மூலக்கூறில் ஒரு பகுதியைப் போலச் செயற்கையாகத் தயாரித்த எரிபுலின், 2010 முதல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. ஆனால் தயாரிப்பு அறுபதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்டது. எல்லாப் பொருளுக்கும் இது கட்டுப்படியாகாது.

அப்படியானால் இந்தப் பொருட்களை உண்மையில் செய்வது யார்? சில கடற்பஞ்சுகளின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாதான். சந்தேகம் அதன்மேல் விழுந்தது. ஜப்பானின் ஹச்சிஜோ தீவுக் கடலில் வாழும் தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற கடற்பஞ்சை யோர்ன் பீல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதற்குள் இழை இழையாக நீண்டு, புறஊதா ஒளியில் மினுங்கும் என்டோதியோனெல்லா பாக்டீரியாவைத் தனியே பிரித்து அதன் மரபணுக்களைப் படித்தார்கள். அந்தக் கடற்பஞ்சில் அதுவரை அறியப்பட்டிருந்த வீரியமான வேதிப்பொருட்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்வது அந்த ஒரே பாக்டீரியா என்று 2014இல் தெரியவந்தது.

டிஸ்கோடெர்மியா என்ற இன்னொரு கடற்பஞ்சின் கதை இதைவிட நுட்பமானது. கலிகுலின் என்ற கொடிய நஞ்சுக்குரிய மரபணுக்கள் அங்கும் என்டோதியோனெல்லாவிடமே இருக்கின்றன. நஞ்சு வீரியம் குறைந்த வடிவில், ஒரு பாஸ்பேட் தொங்கலோடு சேர்த்துவைக்கப்படுகிறது. கடற்பஞ்சின் திசு காயப்பட்ட உடனே அந்தத் தொங்கல் கழன்றுவிடும். நஞ்சு முழு வேகத்தோடு விழித்துக்கொள்ளும். தன்னையும் குடியிருக்கும் வீட்டையும் கெடுக்காமல் ஆயுதத்தைக் காத்துவைக்கும் இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கடற்பஞ்சுக்குள் வாழும் இத்தகைய பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர மறுப்பதுதான் பெரும் முட்டுக்கட்டை. அதனால் தேவையான மரபணுக்களை மட்டும் எடுத்து, எளிதில் வளரும் வேறு பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். மெதுவாக நகரும் வேலைதான். ஆனாலும் டன் கணக்கில் கடற்பஞ்சை அள்ளாமல் மருந்து பெற இதுவே நல்ல வழி என்பேன்.

வளரக்கூடியவையும் உண்டு. தென்னிந்தியக் கடலில் கிடைக்கும் டெண்ட்ரில்லா நைக்ரா என்ற கடற்பஞ்சிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவைப் பிரித்து, அது கிருமிகளை எதிர்ப்பதை நம் ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளிலும் கடற்பஞ்சுகள் நிறைய. இழுவலை அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும்போது அவையும் சேர்ந்து அழிகின்றன. படித்துப் பார்க்கும் முன்பே அவற்றை இழந்துவிடக் கூடாது; அந்தத் திட்டுகளை இழுவலையிலிருந்து காப்பதில் அரசும் மீனவர் சங்கங்களும் உறுதியாக நிற்க வேண்டும்.