ஆடினாலும் எரிந்தாலும் நிற்குமா நம் கட்டடம்?



2001 ஜனவரி 26. நாடே கொடியேற்றிக் கொண்டிருந்த காலை 8.46 மணிக்கு குஜராத்தில் பூமி அதிர்ந்தது. அதிர்ச்சி மையம் கட்ச் பகுதியில். ஆனால் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத் மாநகரில் பல மாடிக் கட்டடங்கள் சரிந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏன்?

விழுந்தவற்றில் பல, கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே சுவர் வைத்த வீடுகள் என்று கட்டப்பட்டவை. மேல் மாடிகள் சுவர்களால் விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதும் கீழ்த்தூண்களின் தலையில்தான் விழும். நம்ம கிரிவலப் பாதைப் பக்கம் எழும்பும் லாட்ஜுகளையும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்!

தூணைக் காப்பது ரிங். வகுப்பில் 'ஸ்டிரப்' என்போமே, அதேதான். விறகுக் கட்டுக்குக் கயிறு மாதிரி. அதன் கொக்கியை 90 டிகிரியில் விட்டால், ஆட்டத்தில் வெளிப்பூச்சு காங்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்துவிடும். கயிறு அவிழ்ந்தால் கட்டு நிற்குமா? 135 டிகிரி வளைத்தால் கொக்கி தூணின் நடுக்காங்கிரீட்டுக்குள் பிடித்துக் கொள்ளும். ஐ.எஸ். 13920 சொல்வது இதைத்தான்.

அடுத்த எதிரி தீ. 1906-ல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கத்தில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. அணைக்க வழியின்றி ஊரே பற்றி எரிந்தது. நடுக்கமே இல்லாமலும் இது நடக்கும். 2017 மே 31 விடியற்காலை சென்னை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை தீப்பிடித்தது. மறுநாள் விடிவதற்குள் ஏழு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. சுமார் 600 டிகிரி செல்சியஸில் கம்பியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தச் சூடு கம்பியைத் தொடாமல் தாமதப்படுத்துவது மேலே மூடிய காங்கிரீட்தான். தூணுக்கு 40 மில்லிமீட்டர் வேண்டும். கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் அந்தக் காவலும் போச்சு!

என் அப்பா கம்பி கட்டுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 135 டிகிரி பற்றி அவரிடம் சொன்னேன். "அப்படி வளைச்சா ஒரு நாளைக்குப் பாதி ரிங்குகூட ஆகாதுப்பா. கூலி யார் குடுப்பா? இருபது வருசத்துல எந்த இன்ஜினியரும் என்கிட்ட இதைச் சொன்னதில்லையே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தப்பு அவர் கையில் இல்லை நண்பர்களே! வரைபடத்தில் இருப்பது கம்பி வளைப்பவர் காதுக்குப் போகவில்லை. அதற்கான நேரம் கூலிக் கணக்கில் ஏறவில்லை. நாளை சைட்டில் நிற்கப்போவது நாம்தான். காங்கிரீட் போடுமுன் கொக்கியைப் பார்ப்போம், கவர் பிளாக்கை எண்ணுவோம், காரணத்தையும் வாய்திறந்து சொல்வோம்.



— இரண்டாமாண்டு சிவில் மாணவன்