நலம் கூறுவோரின் நலம்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், மூக்கு வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் மலைச் சிகரம் கண்ணில் படத் தொடங்கினால் நகரி வந்துவிட்டது என்று பொருள். விசைத்தறிகளின் ஓசையால் அறியப்படும் ஊர் இது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எனினும் இங்குள்ள பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் மாறி மாறி ஒலிப்பது இன்றும் வழக்கம். தறிக்கூடத்தில் நாள் முழுவதும் நின்று பணிபுரிவோரின் கால்வலி, பஞ்சுத் தூசியால் வரும் இருமல், இடையறாத இரைச்சலால் மந்தமாகும் செவி ஆகியவை இத்தகைய ஊர்களில் புதியவை அல்ல. அவற்றோடு இரத்த அழுத்தமும் நீரிழிவும் இப்போது சேர்ந்துகொண்டுள்ளன.

இவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டறியும் பொறுப்பு 'ஆஷா' எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளருடையது. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புகிறார். வயது என்ன, புகையிலைப் பழக்கம் உண்டா, நாள்தோறும் மது அருந்துவதுண்டா, வாரத்தில் 150 நிமிடமாவது உடலுழைப்போ பயிற்சியோ உண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் நீரிழிவோ இதயநோயோ இருந்ததா என்று வினாக்கள் செல்கின்றன. அளவு நாடாவால் இடுப்பின் சுற்றளவும் எடுக்கப்படுகிறது. அது பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் மதிப்பெண் கூடும். மொத்தம் 4ஐத் தாண்டியவரை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மனச்சோர்வை அறிய இரண்டு வினாக்களும் உள.

எளிய, பயனுள்ள கருவி இது. ஆனால் நூற்றுக்கணக்கானோரின் இடுப்பை அளந்த அந்த நாடா அதை ஏந்திச் செல்பவரின் இடுப்பை அளந்ததுண்டா என்னும் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 58.8 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். சுகாதாரப் பணியாளர் இப்பெண்களிலிருந்து வேறானவர் அல்லர். இரும்புச்சத்து மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் களைப்புடன் நடப்பவர் அவர்களிடையே இருந்தே தீர்வர்.

மருத்துவ மனையிலிருந்து வாசற்படிக்கு

வாசலுக்கு வரும் ஒருவரின் மீது இத்தனை பொறுப்பு ஏன் விழுந்தது என்பதை அறிய, அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியை நோக்க வேண்டும். மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1915இல் காசநோய் மருத்துவ நிலையம் ஒன்று அமைந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமொட்-மொல்லர் அதன் முதல் கண்காணிப்பாளர். காசத்துக்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, சத்துணவு, ஓய்வு, அளந்து நடத்தல், குறித்த நேரத்தில் உடல்வெப்பத்தைப் பார்த்து எழுதுதல் ஆகியவையே இத்தகைய நிலையங்களின் சிகிச்சை. அங்கே வாழ்க்கை ஒழுங்கே மருந்தாயிற்று. அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பிய டாக்டர் எட்வர்டு டிருடோ தாமே காசநோயாளி. தம் உடலில் கண்ட பலனை அடிப்படையாகக் கொண்டே அவர் பிறருக்கு வழிகாட்டினார்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வை நடத்தியது. ஒரு பிரிவினர் மருத்துவ நிலையத்தில் ஓய்வுடனும் நல்ல உணவுடனும் தங்கினர். மற்றவர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் இருவர் பெற்ற பலனும் ஏறக்குறைய ஒன்றே. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. நம் நாட்டில் செய்யப்பட்ட மிகப் பயனுள்ள மருத்துவ ஆய்வுகளுள் இதனையும் ஒன்றாகக் கூறலாம்.

இதனால் விளைந்த ஒரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருத்துவ நிலையத்தில் நோயாளியை ஒழுங்கில் நிறுத்தியது அங்கிருந்த கட்டடமும் மணியோசையும் கால அட்டவணையும் ஆகும். வீட்டில் அவை இல்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் வாசலுக்கு வரும் மனிதர் ஒருவரே. 1977 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமூக சுகாதாரப் பணியாளர் திட்டம் ஆயிரம் பேருக்கு ஒருவரை, மூன்று மாதப் பயிற்சியும் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியமும் அளித்து நியமிக்க முற்பட்டது. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் அதே எண்ணத்தை ஆஷாவாகப் புதுப்பித்தது. கொரோனாத் தொற்றின்போது இப்பெண்கள் ஆற்றிய பணிக்காக உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் அவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது.

புகைத்த மருத்துவர்கள்

அறிவுரை கூறுபவர் அதைத் தாமே கடைப்பிடிக்க வேண்டும் என்பது ஒழுக்க நூல்களின் கூற்று மட்டுமன்று. அதற்கு அறிவியல் சான்றும் உண்டு. 1951இல் பிரிட்டனின் டாக்டர் ரிச்சர்டு டால், பேராசிரியர் பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் அந்நாட்டு மருத்துவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி, அவர்களுடைய புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டறிந்தனர். ஆண் மருத்துவர்களில் 34,439 பேரின் வாழ்வும் சாவும் அரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து கணக்கிடப்பட்டன. புகைப்பதை விடாதவர்கள் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர். ஐம்பது வயதில் விட்டவர் ஆறாண்டுகளையும் முப்பதில் விட்டவர் ஏறக்குறைய முழுப் பத்தாண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். டால் தாமும் புகைபிடித்தவரே. இதற்கு முந்திய ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, கிடைத்த எண்களைக் கண்டு அவர் அப்பழக்கத்தைக் கைவிட்டார். பின்னர் பல நாடுகளில் செய்த ஆய்வுகளும், உடற்பயிற்சி செய்யும் மருத்துவர், தம் நோயாளியிடம் அதைப் பற்றிப் பேசுவதற்கு அதிகம் முன்வருகிறார் எனக் காட்டியுள்ளன. பழகாத ஒன்றைப் பரிந்துரைக்க நாக்கு தயங்குகிறது போலும்.

மனவிழிப்பு என்பது என்ன?

உடலைப் போன்றே மனத்துக்கும் இது பொருந்தும். 1979இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாட்பட்ட வலியும் மன இறுக்கமும் உடையோருக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தர்கள் பாலி மொழியில் 'ஸதி' என்றழைத்த மனவிழிப்பே அதன் அடிப்படை. கீழை நாடுகளிலிருந்து சென்ற சரக்கு மேலை நாட்டு மருத்துவமனை வழியாக நமக்குத் திரும்பி வந்துள்ளது எனலாம்.

மனவிழிப்பு என்பது மனத்தை வெறுமையாக்குவது அன்று. மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கவனித்திருக்க, மனம் சில நொடிகளிலேயே வேறெங்கோ செல்லும். சென்றதை அறிந்து, கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திருப்ப வேண்டும். இத்திருப்பமே பயிற்சி. மனம் நூறு முறை அலைந்தால் நூறு முறை திருப்புவது தோல்வி ஆகாது. அறுந்த இழையைக் கண்டவுடன் தறியை நிறுத்தி முடிச்சிடும் நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும்.

இதனைக் கற்பிப்போருக்குச் சொந்தப் பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலறிஞர்கள். மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அது மறுபடியும் வராமல் தடுக்க 1990களில் அவர்கள் ஒரு முறையை வகுக்க முயன்றனர். ஒலிநாடாவும் குறிப்பேடும் இருந்தால் போதும், தாங்கள் தியானம் பழகுவது கட்டாயமன்று என்பது தொடக்கத்தில் அவர்கள் நினைப்பு. ஆனால் நோயாளிகள் தம் துயரத்தோடு எதிரில் அமர்ந்தபோது, அதற்கு உடனே ஒரு தீர்வு சொல்லும் பழக்கமே அவர்களுக்கு மேலோங்கிற்று. கபாட்-ஸின்னின் நிலையத்தில் இருந்த பயிற்றுநர்களோ துன்பத்தைக் கண்டு பதறாமல், அதனோடு அமர்ந்திருக்கக் கற்றிருந்தனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பயிற்றுநர்களின் அன்றாடப் பயிற்சியே எனக் கண்டு, அம்மூவரும் தாமே பழகத் தொடங்கினர். 145 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயுற்றவர்களில் மீண்டும் நோய் வந்தோர் விகிதம் 66 விழுக்காட்டிலிருந்து 37ஆகக் குறைந்தது. இரண்டு முறை மட்டுமே நோயுற்றவர்களுக்கு இப்பயன் கிட்டவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

2009இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 70 மருத்துவர்களுக்கு அளிக்கப்பட்ட இதுபோன்ற பயிற்சிக்குப் பின் அவர்களுடைய பணிச்சோர்வு குறைந்து, பிறர் துயரை உணரும் பண்பு கூடியதாக அறிவிக்கப்பட்டது. ஒப்பிடுவதற்கு வேறொரு பிரிவு அவ்வாய்வில் இல்லை. ஆதலால் இம்முடிவை முற்ற முடிந்ததாகக் கொள்ளலாகாது.

ஐந்து நிமிட அமைதி

நகரியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பணிபுரிபவருக்கு நாள்தோறும் முக்கால் மணி நேரம் கண்மூடி அமர எங்கே நேரம்? பணிக்குள்ளேயே இடம் உண்டு. இரத்த அழுத்தம் அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பதிய வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் தேநீரோ புகையோ கூடாது, அளக்கும்போது பேச்சும் கூடாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த ஐந்து நிமிடமே. அதனால் அளவு உயர்ந்து காட்டும். நோயில்லாதவரும் நோயாளிப் பட்டியலில் ஏறிவிடக் கூடும். இரைச்சலிடும் கூடத்திலிருந்து தொழிலாளியை வெளியே அழைத்து அமரவைத்து, பணியாளரும் உடன் அமர்ந்து தம் மூச்சைக் கவனிப்பாரானால், அளவும் சரியாக அமையும், பயிற்சியும் நடந்துவிடும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் நடையையும் இவ்வாறே கைபேசியின்றி, அடியெடுத்து வைப்பதை உணர்ந்து நடக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கடும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உடையோருக்குத் தியானம் மருத்துவருக்கு மாற்று ஆகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இவ்வெண் நோயாளிகளுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இரவில் உறக்கமின்றித் தவிக்கும் பணியாளரும் அழைக்கலாம்.

அதிகாரிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைப் பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகவே வரையறுத்தது. தனி மனிதரின் பலவீனமாக அதைக் கருதவில்லை. ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளிலும் ஒரு செயலியிலும் எழுதச் சொல்லிவிட்டு, மூச்சைக் கவனிக்கும்படி அறிவுறுத்துவது நியாயமாகாது. காலத்தில் கிடைக்கும் ஊதியம், மகப்பேற்று விடுப்பு, காசநோயாளி வீட்டுக்குச் செல்பவருக்கு முகக்கவசம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பணியாளருக்கே சளிப் பரிசோதனை ஆகியவை முதலில் வர வேண்டியவை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாளர்களுக்குக் கூட்டம் நடப்பதுண்டு. அதன் முதல் அரை மணி நேரத்தை அவர்கள் ஒருவரையொருவர் அளந்துகொள்ள ஒதுக்கினால் செலவு ஏதுமில்லை. நாடாவும் கருவியும் அவர்கள் பையிலேயே உள்ளன. அழுத்தம் 140/90ஐ எட்டியவருக்கு வேறொரு நாளில் மறுபடியும் அளந்து, தேவையானால் மருந்து தொடங்கலாம். இரத்தசோகைக்கும் அன்றே சோதிக்கலாம். முடிவுகளைக் கூட்ட அறிக்கையில் எழுதாமல், அவரவர் சொந்தப் படிவத்தில் மட்டும் குறிக்க வேண்டும். ஆஷா தாம் பணிபுரியும் ஊரிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எனவே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரின் பட்டியலில் அவருடைய வீட்டு எண்ணும் ஏற்கெனவே உள்ளது.