மயக்க டொக்டர் ஏன் தலைமாட்டில் நிற்கிறார்?

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஒப்பிரேசன் செய்துகொண்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வெட்டித் தைத்த டொக்டரைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்தவரைக் கேட்டால், "ஊசி போட்டார், நித்திரையாப் போனேன்" என்பதோடு கதை முடிந்துவிடும். ஊசியைப் போட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவர் போகவில்லை. நாம் கண் விழித்துப் பெயர் சொல்லும் வரை தலைமாட்டிலேயே நின்றார். ஏன் நின்றார் என்பது விளங்கினால், டொக்டரான ஒருவர் அதற்குப் பிறகும் இதற்கென்றே ஏன் பல வருடம் படிக்கிறார் என்பதும் விளங்கும்.

முதலில் அந்த ஊசியைப் பார்ப்போம். இன்று அதிகம் பாவிக்கப்படுவது புரோப்போபோல் என்ற, பால் நிறத்திலுள்ள மருந்து. ஒருமுறை போட்டால் 5 முதல் 10 நிமிடம்தான் தாங்கும். ஒப்பிரேசனோ ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் போகும். வரம்பு கசியும் வயலுக்கு இரணைமடு வாய்க்காலிலிருந்து தண்ணீர் விடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வர, மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். குறைந்தால் பயிர் வாடும், கூடினால் அழுகும். மருந்தும் அப்படித்தான். தசையும் கொழுப்பும் அதை உறிஞ்ச, ஈரல் அழிக்க, மட்டம் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்பவர் ஊசியாகவோ வாயுவாகவோ விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வயதுப் பொடியனுக்கு வேண்டிய அளவை எழுபது வயது அம்மா தாங்கமாட்டார்.

ஆனால் பெரிய பிழை 'நித்திரை' என்று நினைப்பதில்தான் இருக்கிறது. நித்திரை கொள்ளும் உடம்பு தன்னைத் தானே காக்கும். கிள்ளினால் விழிக்கும், எச்சில் புரையேறினால் இருமும், மூச்சு முட்டினால் புரண்டு படுக்கும். மயக்கத்தில் இதில் ஒன்றுமே இல்லை. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். இரத்த அழுத்தம் இறங்கும். மூச்சு மெலியும், நின்றும் போகும். நமது உடம்பு இரவு பகலாகத் தானாகச் செய்துவந்த வேலைகளை அந்த நேரத்துக்கு இன்னொரு மனிதர் பொறுப்பெடுக்கிறார்.

வயிற்றைத் திறக்கும் ஒப்பிரேசன் என்றால் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேரும். இதை விளங்கிக்கொள்ள வன்னியில் இருப்பவர்கள் தூரம் போகத் தேவையில்லை. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் எட்டடி விரியன் கடித்தால் சில மணித்தியாலத்தில் இமை சரியும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். பார்ப்பவருக்கு உயிர் போனதுபோல் தெரியும், உள்ளே நினைவு இருக்கக்கூடும். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை அந்த விஷம் அடைத்துவிடுகிறது. தளர்த்தும் மருந்துகளும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அவற்றின் மூதாதை, தென்னமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் பூசிய கியூராரே. 1942இல் மொன்றியலில் ஹரோல்ட் கிரிபித் அதை ஒப்பிரேசன் தியேட்டருக்குள் கொண்டுவந்தார். பாம்பு கடித்தவருக்கு ஐசியூவில் வென்ரிலேற்றரைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த மயக்கவியல் டொக்டர்களே. அசையாதவர் எல்லாம் உணர்விழந்தவர் அல்ல என்பதைப் பயிற்சிக்கு வரும் டொக்டர் மறக்கவே கூடாது.

அந்தப் பயிற்சி எப்படிப் போகிறது? எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்தவர், பரீட்சை எழுதிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி. பயிற்சிக்குள் போகிறார். முதலில் பழகுவது தாடையைத் தூக்கி, முகமூடியைக் காற்றுக் கசியாமல் பிடிப்பது. எளிதாகத் தெரியும், கை வலித்துப்போகும். பிறகு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது. பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது, அதற்குள் போய்விட்டால் ஆபத்து. வெளிவரும் காற்றில் காபனீரொட்சைட்டு இருக்கிறதா என்று கருவியில் பார்த்து உறுதிசெய்கிறார்கள்.

குழாயைச் செலுத்த எவ்வளவு அவகாசம்? சாதாரணமாக மூச்செடுத்த ஒருவருக்கு மூச்சு நின்றால் ஒரு நிமிடமளவில் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கத் தொடங்கும். முன்கூட்டியே சில நிமிடம் தூய ஒட்சிசன் கொடுத்திருந்தால், ஆரோக்கியமானவருக்கு எட்டு நிமிடமளவு கிடைக்கும். "ஆழமா மூச்செடுங்கோ அம்மா" என்று முகமூடியை வைப்பது இதற்காகத்தான்.

விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் மானியின் தத்துவத்தை ஜப்பானின் டக்குவோ அயோயாகி 1974இல் வெளியிட்டார். தியேட்டரில் அது ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒலிக்கும். ஒட்சிசன் குறைந்தால் சுருதியும் இறங்கும். மருந்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதும் காது அந்தச் சுருதியிலேயே இருக்க வேண்டும். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் மதிப்பான பகுதி இதுதான். புத்தகத்தால் இதைக் கொடுக்க முடியாது. மூத்தவர் பக்கத்தில் பல இரவுகள் நின்றுதான் வரும்.

மயக்க மருந்து இல்லாமல்போனால் என்ன ஆகும் என்று வன்னிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2009இல் போரின் இறுதி மாதங்களில் மயக்க மருந்து இன்றியே கைகால்கள் அகற்றப்பட்டதை அங்கிருந்து தப்பியவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று மருந்து இருந்தாலும் ஆள் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன நிபுணர்களில் மயக்கவியல் நிபுணர்களும் உண்டு. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் வெட்டுகிற டொக்டர் இருந்தும் பயனில்லை. நோயாளியை அம்புலன்சில் ஏற்றி ஏ9 வீதியால் அனுப்ப வேண்டியதுதான். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல்.

ஒப்பிரேசனுக்கு முன் அந்த டொக்டர் கட்டிலருகே வந்து கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஆடும் பல், இழுப்பு, சுருட்டு, முன்பு மயக்கத்தில் வந்த சிக்கல் எல்லாமே அவருக்கு வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மணித்தியாலக் கணக்கில் சொல்லுங்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், அப்போது இருமித் தள்ள முடியாது. பொதுவான கணக்கு, சாப்பாட்டுக்கு ஆறு மணித்தியாலம், தெளிந்த பானத்துக்கு இரண்டு. வெறும் தேத்தண்ணி தெளிந்த பானம். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். உங்கள் வார்டில் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள்.