தீவகம் போய் வருவோமா?

தீவுப் பயணம் என்றால் நம்மவர் மாலைதீவு என்பார்கள். இன்னும் வசதியுள்ளவர்கள் கிரேக்கத் தீவுகள் என்பார்கள். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம். அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஏழு தீவுகள். பிள்ளைகளின் அடுத்த லீவுக்கு இதை யோசித்துப் பாருங்களேன். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டுமே இன்றும் வழக்கில் உண்டு.

பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ்ஸிலேயே போகலாம். அங்கிருந்து படகு. நயினாதீவு கால்மணி நேரம்தான். நாகபூசணி அம்மன் கோயில், நாக விகாரை, பள்ளிவாசல் மூன்றும் அச்சிறு தீவில் இருக்கின்றன.

நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், இடிந்த கோட்டை, ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் எல்லாம் அங்கே உண்டு. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து நிற்கலாம். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான ஊர்; போத்தல்களை நிரப்பிக்கொண்டு போங்கள், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இந்தக் கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் சென்ற பயணிகள், பிள்ளைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர், வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் உங்கள் பக்கத்தில் அமர்பவர் அவர்களின் உறவாக இருக்கக்கூடும். நமக்கும் இங்கே ஒரு காயம் உண்டு. 1990 ஒக்டோபர் 30இல் யாழ் சோனகத் தெரு மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். உங்கள் வீட்டில் அப்படி வந்த வாப்பாவோ உம்மும்மாவோ இருந்தால், அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தீவுக்குப் போகுமுன் ஒரு நாள் சோனகத் தெருவில் அவர்களோடு நடவுங்கள். எது யார் வீடு என்று அவர்கள் காட்டட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. பிறகு சோளகம் எழும்பும், ஒக்டோபருக்குமேல் வாடையும் மழையும். நெடுந்தீவில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள்.