உயிலுக்குக் கொடுக்கும் கட்டணம்

இந்து ஒருவர் தம் சொத்து தமக்குப் பின் யாரைச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அதைப் பதிவு செய்வதும் கட்டாயமன்று. எழுதுபவரின் கையெழுத்து அல்லது கைநாட்டும் இரண்டு சாட்சிகளின் ஒப்பமும் இருந்தால் வெள்ளைத்தாளில் எழுதியதும் செல்லும் என்பதே 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் நிலை. அவ்வாறிருக்க, அலிபிரி அடிவாரத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர் திருப்பதியில் உள்ள வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகை எதற்கு உரியது என்பது விளக்கம் வேண்டும் கேள்வியாகிறது.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடுப்பதால், கட்டணப் பட்டியலை எவரும் வெளியில் எழுதி வைப்பதில்லை. எனவே தொகை எவ்வளவு, அதில் என்னென்ன வேலை அடங்கும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை. அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தாளை நிரப்பும் வேலை சிறிது; சொத்தின் வேரை ஆராயும் வேலையே பெரிது. ஒருவர் தாமே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தை முழுவதும் உயிலில் எழுதலாம். முன்னோர் வழி வந்த கூட்டுக்குடும்பச் சொத்திலோ, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, தம் பங்கை மட்டுமே எழுத முடியும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தக் கணக்கு மேலும் நுணுக்கமானது. ஆந்திர அரசு 1986இல் இயற்றி, 1985 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகள்களுக்கு மகன்களுக்கு நிகரான பங்கை அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடின்றி அவ்வுரிமையை நாடெங்கும் விரித்தது. மகளின் பங்கையும் சேர்த்துத் தந்தை மகன்களுக்கு எழுதிவைத்த உயில் அந்த அளவுக்குச் செல்லாது என்பதால், பட்டாவையும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் புரட்டிப் பார்க்காமல் எழுதித் தருபவர் எவ்வளவு குறைவாக வாங்கினாலும் அது வீண் செலவே.

அடுத்தது சாட்சி. உயிலை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட, ஒப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரையாவது, உயிரோடிருந்து வரக்கூடியவராயின், விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவரா, எளிதில் வரக்கூடியவரா என்று கேட்காத வழக்கறிஞர் கட்டணத்தில் பாதிக்குத்தான் உழைத்தவர். மேலும், உயிலால் பெரும்பலன் அடைபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்றும், அச்சந்தேகத்தைப் போக்கும் சுமை உயிலை முன்வைப்பவருடையது என்றும் எச்.வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பத்து மூதாட்டி, மகன் எழுதுவித்த தெலுங்கு உயிலில் கைநாட்டு வைத்தால் இந்தச் சிக்கல் முழு உருவில் எழும். வாசகத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னதாக உயிலிலேயே ஒரு வரி சேர்ப்பதும், அவ்வாறே சாட்சிகள் முன் செய்வதும் அதற்குத் தக்க காப்பு.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு உயில் வழியாகச் சொத்தை விட்டுச் செல்லும் பக்தர்களும் உண்டு. 2025இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீடும் வங்கி வைப்பும் அவ்வாறு வந்து சேர்ந்தன. உறவினர் எதிர்பார்த்திருக்கும் சொத்து ஒரு நிறுவனத்துக்குச் செல்லும்போது ஒவ்வொரு வரியும் சோதிக்கப்படும் என்பதால், இத்தகைய உயிலுக்கு வழக்கறிஞரின் கவனம் மிகுதியாகவே தேவை.

கட்டணம் கட்ட இயலாதவருக்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் உள்ளிட்டோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். சட்ட ஆலோசனை வழங்குவதும் அச்சட்டம் கூறும் சட்டப் பணியில் அடங்குவதால், உயில் குறித்தும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அவர்கள் அணுகிக் கேட்கலாம்.